நிலவை எட்டிய திட்டம் குண்டலுபேட்டையை எட்டியதா?

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: இந்திய விண்வெளித் திட்டம் குறித்து நாடாளுமன்றத்தில் பேச்சு எழும்போதெல்லாம் நிலவும் செவ்வாயும் சூரியனுமே முன்னிறுத்தப்படுகின்றன. 2023 செப்டம்பரில் கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டத் தொடரில் சந்திரயான்-3 வெற்றி குறித்து இரு அவைகளிலும் விவாதம் நடைபெற்றது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் விஞ்ஞானிகளைப் பாராட்டினர். பாராட்டுக்கு அவர்கள் முற்றிலும் தகுதியானவர்கள் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், 1960-களில் விக்ரம் சாராபாய் இத்திட்டத்துக்கு வித்திட்டபோது முன்வைத்த காரணம் நிலவு அல்ல. ஏழை நாடொன்றின் கல்வி, வேளாண்மை, வானிலை முன்னறிவிப்பு, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கு இத்தொழில்நுட்பம் பயன்பட வேண்டும் என்பதே அவரது வாதம். அந்த வாதம் எந்த அளவுக்கு மெய்யாகியிருக்கிறது என்பதை அளந்து பார்க்க, தலைநகரிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஒரு வட்டத்தைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

கர்நாடகத்தின் தென்கோடியில், மைசூரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது குண்டலுபேட்டை. உதகைக்குச் செல்லும் சாலையும், வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்குச் செல்லும் சாலையும் இங்குதான் பிரிகின்றன. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம் இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மேற்கிலும் தெற்கிலும் பந்திப்பூர் புலிகள் காப்பகம்; அதைத் தாண்டினால் தமிழகத்தின் முதுமலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் வறட்சி இங்கு புதிதல்ல. மஞ்சள், சூரியகாந்தி, செண்டுமல்லி, வாழை, தமிழகச் சந்தைகளுக்கு வரும் சின்ன வெங்காயம் ஆகியவை இங்கு விளைகின்றன. இவ்வட்டத்தில் ஓடும் குண்டல் ஆறு நஞ்சன்கூடு அருகே கபினியில் கலக்கிறது. அதாவது, காவிரியின் வழியாகத் தமிழகத்துக்கும் இவ்வட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இத்தகைய சாதாரண வட்டம் ஒன்று, விண்வெளித் திட்டத்தின் நான்கு முக்கிய முயற்சிகளோடு பிணைந்திருக்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

பேரம்பாடி தரும் அறிவியல்: குண்டலுபேட்டை வட்டத்தில் பேரம்பாடி என்ற சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி உள்ளது. பரப்பளவு சுமார் 84 சதுர கி.மீ. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும், பிரான்ஸ் நாட்டு ஆய்வு நிறுவனங்களும் இணைந்து பல ஆண்டுகளாக இங்கு ஆய்வு நடத்தி வருகின்றன. அருகே பந்திப்பூர் காட்டுக்குள் மூலெஹொளே என்ற இன்னொரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியும் 2003 முதல் கண்காணிக்கப்படுகிறது. ஒன்று மனிதக் கை படாத காடு. மற்றொன்று ஆழ்துளைக் கிணறுகளால் பாசனம் பெறும் வயல்வெளி. இரண்டையும் ஒப்பிட்டால், மழைநீர் மண்ணில் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நிலத்தடிக்கு இறங்குகிறது, எவ்வளவு ஆவியாகிறது என்பதை அறிய முடிகிறது.

செயற்கைக்கோளுக்கு இங்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். நுண்ணலைகளை அனுப்பியோ, நிலத்திலிருந்து எழும் நுண்ணலைகளைப் பதிவு செய்தோ மண்ணின் ஈரத்தைக் கணிக்கும் கருவிகள் பல செயற்கைக்கோள்களில் உள்ளன. ஆனால், வானிலிருந்து கிடைப்பது ஒரு கணிப்பு மட்டுமே. அது சரியா, தவறா என்பதை யாராவது வயலில் இறங்கி அளந்து பார்த்தாக வேண்டும். கனடாவின் ரேடார்சாட்-2, ஐரோப்பாவின் ஸ்மோஸ் போன்ற செயற்கைக்கோள்களின் கணிப்புகள் பேரம்பாடியின் வயல்களில் எடுக்கப்பட்ட அளவுகளோடு ஒப்பிடப்பட்டுள்ளன. உலக அளவில் மண்ணீரத்தைக் கணிக்கும் அறிவியலுக்கு உரைகல்லாக அமைந்த இடங்களில் குண்டலுபேட்டை விவசாயிகளின் நிலமும் ஒன்று.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் முக்கியத்துவத்தை இப்பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் இணைந்து உருவாக்கிய இது, 12 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கியைக் கொண்டு, 12 நாள்களுக்கு ஒருமுறை பூமியின் பெரும்பகுதியை அளக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மேகம் சூழ்ந்திருந்தாலும், இரவானாலும் ரேடாருக்குத் தடையில்லை. மண்ணீரம், பயிர்ப் பரப்பு, நிலச்சரிவு ஆகியவற்றோடு, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதால் நிலம் தாழ்வதையும் இதனால் கண்டறிய முடியும். நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படும் வட்டங்களின் பட்டியலில் குண்டலுபேட்டை இடம்பெற்று வந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

எஜுசாட் கற்பித்த பாடம்: கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோளான எஜுசாட், 2004 செப்டம்பர் 20-ல் ஏவப்பட்டது. அதன்வழி தொடக்கக் கல்வி அளிக்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் சாமராஜநகர். மாவட்டத்தின் 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அலைவாங்கிகள் பொருத்தப்பட்டன. பெங்களூரில் தயாரிக்கப்பட்ட கன்னடப் பாடங்கள், ஓராசிரியர் பள்ளிகள் நிறைந்த மலையோரக் கிராமங்களிலும் தொலைக்காட்சித் திரையில் தோன்றின.

இதற்கு முன்மாதிரி 1975-76-ல் நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் பெற்று, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் ஓராண்டு நடத்தப்பட்ட தொலைக்காட்சிப் பரிசோதனை. அப்போது செயற்கைக்கோள் நம்முடையதல்ல. ஓராண்டு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியிருந்தது. எஜுசாட் நம்முடையது. ஆயினும், 2010 செப்டம்பரில் அதன் பணி முடித்துவைக்கப்பட்டது. அதற்குள் அதை முழுமையாகப் பயன்படுத்த முடிந்ததா என்றால் இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-ல் அளித்த அறிக்கை, பள்ளிகளை இணைப்பதிலும், பாடங்களைத் தயாரிப்பதிலும், திட்டத்தை நிர்வகிப்பதிலும் குறைபாடுகள் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. ராக்கெட் தவறவில்லை, செயற்கைக்கோளும் தவறவில்லை. தரையில் செய்யப்பட வேண்டிய ஏற்பாடுகள்தான் தவறின. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, இணைய வசதியில்லாத கிராமப்புற மாணவர்கள் தவித்தபோது, 15 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கப்பட்ட அந்த முயற்சியைத் தொடர்ந்து வளர்த்திருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காட்டுத் தீயும் கண்காணிப்பும்: 2019 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பந்திப்பூரில் பற்றிய தீ சில நாள்கள் எரிந்தது. காய்ந்த உண்ணிச்செடிப் புதர்கள் தீக்கு விறகாயின. சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து சென்ற ஹெலிகாப்டர்கள் வாளிகளில் நீரை மொண்டு காட்டின் மீது ஊற்றின. தீ அடங்கிய பின்னர், எவ்வளவு காடு அழிந்தது என்பதில் சர்ச்சை எழுந்தது. ஹைதராபாதில் உள்ள இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, 4,400 ஹெக்டேருக்கும் அதிகமான, அதாவது ஏறத்தாழ 10,900 ஏக்கர் பரப்பு எரிந்ததாகக் கணக்கிட்டது. அதிகாரிகளின் சொல்லையோ, ஆர்வலர்களின் சொல்லையோ மட்டும் நம்ப வேண்டிய நிலையை அந்தக் கணக்கு மாற்றியது. ஜனநாயகத்தில் இது சிறிய உதவியல்ல.

எனினும், எரிந்து முடிந்தபின் அளப்பது வேறு. எரியத் தொடங்கும்போதே எச்சரிப்பது வேறு. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் நாடெங்கும் உள்ள வனத் துறையினருக்குத் தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. 2004-ல் தொடங்கப்பட்ட இப்பணி, பெரிதும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் மோடிஸ், வி.ஐ.ஐ.ஆர்.எஸ். கருவிகளைச் சார்ந்தே வளர்ந்தது. அவை ஒரே இடத்தை நாளொன்றுக்குச் சில முறை மட்டுமே கடக்கின்றன. இரு கடப்புகளுக்கு இடையே பற்றும் தீ, அடுத்த கடப்புக்குள் பரவிவிடும். இக்குறையைப் போக்கக்கூடியதாக எதிர்பார்க்கப்பட்டது, புவிநிலைச் சுற்றுப்பாதையிலிருந்து இந்தியப் பகுதியை அடிக்கடி படம்பிடிக்க வல்ல இ.ஓ.எஸ்-03. அது 2021 ஆகஸ்ட் 12-ல் ஏவுதலின்போதே இழக்கப்பட்டது. மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட இ.ஓ.எஸ்-09 செயற்கைக்கோளும் 2025 மே 18-ல் ஏவுதல் தோல்வியில் பறிபோனது. நிலவுப் பயணத்தில் ஏற்பட்ட பின்னடைவை நாடே பேசியது. இவ்விரு இழப்புகளால் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் என்ன நேரும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

வறட்சியும் அரசியலும்: குண்டலுபேட்டை போன்ற வட்டங்களுக்கு விண்வெளித் திட்டம் நேரடியாகப் பணப் பயன் தரக்கூடிய இடம் வறட்சி நிவாரணம். ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2016 டிசம்பரில் மத்திய அரசு வறட்சிக் கையேட்டைத் திருத்தி வெளியிட்டது. மழைக் குறைவோடு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண்ணீரம், சாகுபடிப் பரப்பு, நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு, பின்னர் 10 சதவீத கிராமங்களில் நேரடி ஆய்வு நடத்தி வறட்சியின் கடுமையை முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, எண்களே பேச வேண்டும் என்ற நோக்கம் வரவேற்கத்தக்கது. இதற்கு வேண்டிய கட்டமைப்பிலும் கர்நாடகம் முன்னோடியாகவே உள்ளது. அம்மாநிலத்தின் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்துகள் தோறும் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது.

நடந்தது என்ன? 2023-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கர்நாடக அரசு ரூ. 18,171 கோடி நிவாரணம் கோரியது. மத்தியக் குழு அக்டோபரில் வந்து பார்வையிட்டது. ஆனால், நிதி வரவில்லை. 2024 பிப்ரவரியில் முதல்வர் சித்தராமையா தலைமையில் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடைபெற்றது. மார்ச் மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. கோரிக்கையைத் தாமதமாக அனுப்பியது மாநில அரசே என்பது மத்திய அரசுத் தரப்பின் வாதம்; மாநில அரசு அதை மறுத்தது. இறுதியில் ஏப்ரல் இறுதி வாரத்தில் ரூ. 3,454 கோடி விடுவிக்கப்பட்டது. அதற்குள் அந்தச் சாகுபடிப் பருவம் முடிந்து, அடுத்த பருவமே நெருங்கிவிட்டது.

இவ்விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். செயற்கைக்கோள் பயிர் வாடியதைச் சில நாள்களில் சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தி நிவாரணமாக மாற மாதக்கணக்காகிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. தமிழகமும் இதே பாதையில் நடக்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், தென் மாவட்டங்களின் பெருமழையும் விளைவித்த சேதத்துக்கு நிவாரணம் கோரி, 2024 ஏப்ரலில் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே இடைவெளி உள்ளது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தொழில்நுட்பத்தின் மூலம் விளைச்சலைக் கணக்கிடும் முறை 2023-ல் அறிமுகமானது. அது நெல்லுக்கும் கோதுமைக்கும் முதலில் கொண்டுவரப்பட்டது. குண்டலுபேட்டை விவசாயியின் வயலில் விளைவதோ மஞ்சளும் சின்ன வெங்காயமும் செண்டுமல்லியும். சிறு துண்டு நிலங்களில் அடுத்தடுத்து வெவ்வேறு பயிர்கள் நிற்கும்போது, அவற்றை வானிலிருந்து பிரித்தறிவது கடினம். பேரம்பாடி போன்ற இடங்களில் நடக்கும் ஆய்வுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பது இதிலிருந்து விளங்கும்.

பருவநிலையும் உயிர்களும்: விண்வெளித் திட்டம் காப்பாற்றிய உயிர்களைக் கணக்கிட விரும்புவோர் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999-ன் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-ல் கிட்டத்தட்ட அதே வலிமையோடு தாக்கிய பாய்லின் புயலில் உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் புயலின் பாதையைக் காட்டின. மாநில நிர்வாகம் பல லட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியது. இரண்டும் சேர்ந்ததால்தான் வெற்றி கிடைத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2017-ன் ஒக்கி புயலே சான்று. புயல் உருவானதை வானியல் கருவிகள் காட்டின. ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள்வழித் தகவல் கருவிகளைப் பொருத்தும் திட்டம் 2023-ல்தான் பெரிய அளவில் உருப்பெற்றது. நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு ரூ. 364 கோடி அதன் மதிப்பீடு. ஒக்கியில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அது ஆறு ஆண்டுகள் தாமதம்.

குண்டலுபேட்டையிலிருந்து மேற்கே காட்டைக் கடந்தால் வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் அங்கு நிகழ்ந்த நிலச்சரிவுக்குப் பின், இஸ்ரோ வெளியிட்ட கார்டோசாட்-3, ரிசாட் படங்கள் சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்ததையும், மண்ணும் பாறையும் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு ஓடியதையும் காட்டின. மீட்புப் பணிக்கு அவை உதவின. எனினும், 2023-லேயே இஸ்ரோ வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு வயநாட்டை அபாய மாவட்டங்களில் ஒன்றாகக் காட்டியிருந்தது. அந்த வரைபடம் கட்டட அனுமதி வழங்கும் அலுவலகத்தின் மேசை வரை செல்ல வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு எழுந்த கேள்வியின் உட்பொருள்.

நிதியும் நாடாளுமன்றமும்: இவ்வளவுக்கும் நாடு செலவிடுவது எவ்வளவு? 2025-26 நிதிநிலை அறிக்கையில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 13,416 கோடி. மத்திய அரசின் மொத்தச் செலவில் இது 100 ரூபாய்க்குச் சுமார் 26 காசு. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்போருக்கு இந்தக் கணக்கே போதிய பதிலாகும். ஆனால், 2021-22-ல் ஒதுக்கப்பட்டது ரூ. 13,949 கோடி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஒதுக்கீடு உயரவில்லை. விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் குறைந்திருக்கிறது. இதே காலத்தில் பொறுப்புகளோ பெருகியுள்ளன. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மொத்த மதிப்பீடு 2024 செப்டம்பரில் ரூ. 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. அதே மாதம் சந்திரயான்-4 திட்டத்துக்கு ரூ. 2,104 கோடியும், வெள்ளிக் கோள் ஆய்வுக்கு ரூ. 1,236 கோடியும் அனுமதிக்கப்பட்டன.

இவை தேவையற்றவை என்று கூறுவது முறையாகாது. சந்திரயான்-1 நிலவில் நீரின் சுவடுகளைக் கண்டறிய உதவியதும், ஆஸ்ட்ரோசாட் பத்தாண்டுகளாக விண்மீன்களை ஆராய்ந்ததும் இந்திய அறிவியலின் தரத்தை உயர்த்தியவை. பெரிய இலக்குகள் இருந்தால்தான் திறமையான இளைஞர்கள் இத்துறைக்கு வருவர். கேள்வி வேறு. நிதி உயராமல் இலக்குகள் மட்டும் உயரும்போது, கேமராக்களின் வெளிச்சம் விழாத பணிகளே முதலில் பின்தள்ளப்படும். வயதான புவிநோக்குச் செயற்கைக்கோளுக்கு மாற்று அனுப்புவது தள்ளிப்போனால் தலைப்புச் செய்தி வராது. இந்த ஆபத்தைக் கேட்டுப் பதில் பெற வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

விண்வெளித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அவையில் பதிலளிப்பவர் இணையமைச்சர். அறிவியல், சுற்றுச்சூழல் துறைகளுக்கான நிலைக்குழு இதன் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. ஆனால், விண்வெளி நடவடிக்கைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்ற 2017-ல் வெளியிடப்பட்ட வரைவு மசோதா, கருத்துக் கேட்புக்குப் பின் சட்டமாகவில்லை. 2020-ல் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2023-ல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2024-ல் அந்நிய நேரடி முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன. இவை அனைத்தும் அரசாணைகளாலும் கொள்கை அறிவிப்புகளாலும் நடந்தவை. 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் கொண்ட படங்களை எல்லோருக்கும் கட்டணமின்றித் தருவது என்ற கொள்கை முடிவு நல்ல முடிவு. ஆயினும், தன் வயலின் படத்தை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கை எதிர்க்கும் உரிமை விவசாயிக்கு உண்டா என்பதைக் கொள்கை அறிவிப்பால் சொல்லிவிட முடியாது. சட்டம்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, வறட்சி, வெள்ளம், புயல் ஆகியவற்றில் செயற்கைக்கோள் தரவு கிடைத்த நாளிலிருந்து நிவாரணம் குறித்து முடிவெடுக்கக் காலவரம்பு விதிக்கலாம். அவ்வாறு செய்தால், எந்தக் கட்சி எந்த மாநிலத்தை ஆண்டாலும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டிய தேவை குறையும். இரண்டாவதாக, புவிநோக்குச் செயற்கைக்கோள்களுக்கு மாற்று அனுப்பும் கால அட்டவணையை ஆண்டுதோறும் நிலைக்குழுவின் முன் வைக்கலாம். மூன்றாவதாக, எஜுசாட்டின் அனுபவத்தை மனதில் கொண்டு, ஒவ்வொரு செயற்கைக்கோளின் மதிப்பீட்டிலும் அதைத் தரையில் பயன்படுத்துவதற்கான செலவையும், அதற்குப் பொறுப்பான துறையையும் சேர்த்தே அமைச்சரவை ஒப்புதல் அளிக்கலாம்.

இவை எதற்கும் புதிய ராக்கெட் தேவையில்லை. தும்பாவில் 1963-ல் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தபோது இல்லாத தொழில்நுட்பம் இன்று நம் கையில் உள்ளது. குண்டலுபேட்டையின் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை விண்ணிலிருந்து அறியும் வழியும் பிறந்துவிட்டது. அறிந்த செய்தி, பருவம் முடிவதற்குள் அந்த மண்ணை உழுபவருக்குப் பயன்பட வேண்டும். அதை உறுதி செய்யும் பொறுப்பு விஞ்ஞானிகளுடையதல்ல, ஆட்சியாளர்களுடையதும் அவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர்களுடையதுமாகும். சந்திரயானுக்கு மேசையைத் தட்டிய அதே அவையில், அடுத்த நிதிநிலைக் கூட்டத் தொடரில் இக்கேள்விகள் ஒலிக்குமா என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.